எதிர்வீடு வரை போன யுகோஸ்லாவியப் பயணம்

என் வாழ்க்கையில் நான் வெளிநாட்டுக்குக் கிளம்பியது ஒரே ஒரு முறை. சேலையூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டுக் கூடம் வரை, சுமார் முப்பதடி தூரம். அதுவும் நான் போகவில்லை, என் பெட்டிதான் போனது. இருந்தாலும் எங்கள் தெருவில் இன்னமும் சிலர் என்னை "ஐரோப்பா போயிட்டு வந்தவங்க" என்று அறிமுகம் செய்கிறார்கள். நான் மறுப்பதில்லை. மறுத்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் பேனா நட்பு என்ற காய்ச்சல் பரவியது. ஆங்கில டீச்சர் ஒரு டப்பாவிலிருந்து ஆளுக்கொரு முகவரிச் சீட்டு எடுக்கச் சொன்னார். என் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு லண்டன் வந்தது. முன் பெஞ்சுக்காரிக்கு ஆஸ்திரேலியா. எனக்கு வந்தது யுகோஸ்லாவியா, அதிலும் ஒரு சின்ன மலையூர். ஒரு ஆறு, அதன் மேல் ஒரு கல்பாலம், ஒரு புகையிலைத் தொழிற்சாலை, ஒரு சினிமாக் கொட்டகை, சுற்றி ப்ளம் தோப்புகள். ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் நீங்கள் அதைத் தாண்டிக்கொண்டுதான் படிப்பீர்கள்.

லண்டன்காரியும் ஆஸ்திரேலியாக்காரியும் மூன்று கடிதத்தில் காணாமல் போனார்கள். என்னுடையவள் மட்டும் நிலைத்தாள். எங்கள் இரண்டு பேருக்குமே ஆங்கிலம் அரைகுறை, அதனால் யாருக்கும் யாரிடமும் வெட்கமில்லை. அவள் பள்ளியில் கணக்கு டீச்சரானாள், நான் பல்லாவரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் ஆனேன். மதிய உணவு இடைவேளையில் ஆபீஸ் மெஷினில்தான் அவளுக்குக் கடிதம் அடிப்பேன். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானம் தலைக்கு மேல் போகும்போது மட்டும் நிறுத்துவேன். சத்தத்தில் எனக்கு எழுத்து தப்பிவிடும். எதுக்குப் பதிலாக எது விழுந்தாலும் எங்கள் ஆங்கிலத்தில் வித்தியாசம் தெரிந்திருக்காதுதான்.

எண்பத்து நாலில் எனக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போயிற்று. கிழக்குத் தாம்பரம் முழுக்க என்னைப் பார்க்க வந்தது. வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஆலோசனை சொன்னார்கள். எந்தக் கோவில், எந்த டாக்டர், எந்தக் கிழமை, எந்தக் கீரை. இரண்டு பேர் நான் செய்த தவறு என்ன என்றும் சொன்னார்கள். அவள் மட்டும் ஒரு பக்கத்தில் மூன்று வரி எழுதியிருந்தாள். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன், என்ன எழுதுவதென்று தெரியவில்லை, எழுதாமலிருக்கவும் முடியவில்லை. அவ்வளவுதான். அன்றைக்கு முடிவு செய்தேன், சாவதற்கு முன் ஒரு தடவை இவள் எதிரில் போய் உட்கார வேண்டும் என்று. பேசக்கூட வேண்டாம். உட்கார்ந்தால் போதும். அதற்குப் பிறகு நான் வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதினேன். வீடு ஒன்றைத் தவிர. வீட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் தாராளமாகிவிடும். எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு முருங்கை மரம், ஒரு வாழை. கடிதத்தில் அது தோட்டமாயிற்று. பிறகு பெரிய தோட்டமாயிற்று. மொட்டை மாடியில் நின்றால் தெரியும் ஏரி எங்கள் வீட்டு ஏரி மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளிகளுக்கென்று தனி அறை ஒன்றையும் எண்பத்து ஆறில் கட்டி முடித்தேன். கடிதத்தில் கட்டுவதில் ஒரு சௌகரியம், மேஸ்திரி தேவையில்லை.

தொண்ணூறில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. அடுத்த கோடையில் வந்தே ஆக வேண்டும், உனக்காக ஓர் அறைக்கு வெளிர் மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன், என் மகளுக்கு உன் பெயரைச் சொல்லப் பழக்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு என் கணவர் சொன்ன முதல் வார்த்தை, "பிளான் பண்ணணும்."

என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருக்குப் பயணம் என்றால் பயணத்துக்கு முந்தைய ஏற்பாடு. மாம்பலத்துக்குத் துணி வாங்கப் போகக்கூட முதல் நாளே ஒரு தாளில் ரயில் நேரம், அது தவறினால் அடுத்த ரயில், அதுவும் தவறினால் பஸ் என்று எழுதி வைப்பார். யுகோஸ்லாவியாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு ஒதுக்கினார். யாரிடமோ இரவல் வாங்கிய பழைய ஐரோப்பிய ரயில் அட்டவணையிலிருந்து, தலைநகரிலிருந்து அவள் ஊருக்குப் போகும் ரயில்களை வரிசையாக எழுதினார். ஒரு சந்திப்பில் வண்டி மாற ஏழு நிமிஷம்தான் இருக்கிறது என்று மூன்று மாதம் கவலைப்பட்டார். தாம்பரம் ஸ்டேஷனில் என்னை இடது பக்கப் படியில் ஏறி வலது பக்கம் இறங்கச் சொல்லி, நேரம் பார்த்ததும் உண்டு. பெட்டியோடு. நான் ஆசை காரணமாக அதையும் செய்தேன்.

பாஸ்போர்ட்டுக்கு விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுக் கேட்டார். "இன்னா ஊரு சார் அது? சவுதி பக்கமா?"

"இல்லைங்க. ஐரோப்பா."

"அங்க இன்னா வேலை?"

"வேலை இல்லை. இவங்களுக்கு ஒரு ஃபிரண்டு இருக்காங்க."

"வேலை இல்லாமலா அவ்ளோ தூரம் போறீங்க?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எதையோ கடத்துகிறேன் என்பது உறுதியாகிவிட்டது. ஆனாலும் பாஸ்போர்ட் வந்தது. எங்கள் தெருவில் துபாய்க்குப் போகாத ஆட்களுக்கு வந்த முதல் பாஸ்போர்ட்டுகள் அவை. ஒரு வாரம் பார்வைக்கு வைத்திருந்தோம்.

இத்தனைக்கும் வாய் திறக்காமல் இருந்தவர் என் மாமியார். டிக்கெட் கைக்கு வந்தபிறகுதான் பஞ்சாங்கத்தைத் திறந்தார். தொண்ணூற்றொன்று ஜூன் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை விமானம்.

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்," என்றார்.

"அத்தை, முதல்ல டெல்லிக்குப் போறோம். அது வடக்கு," என்றேன். நானும் ஒன்பதாவதில் பூகோளம் படித்தவள்.

"டெல்லி போய் அங்கேயே இருக்கப் போறியா?"

சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம் என்று பஞ்சாங்கத்திலேயே போட்டிருந்தது. ஒரு துண்டு வெல்லம் தின்றுவிட்டுக் கிளம்பலாமே என்று கணவர் கேட்டார். காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு அது போதும், கடல் தாண்டுகிறவர்களுக்கு எத்தனை வெல்லம் என்று பஞ்சாங்கத்தில் இல்லை என்றார் மாமியார். கடைசியில் அவரே வழியும் சொன்னார். பரஸ்தானம் வைத்துவிடலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணத்துக்கான ஒரு பொருளை வீட்டைவிட்டு வெளியே அனுப்பி வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அத்தோடு நீங்கள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் நிஜமாகக் கிளம்புகிற அன்று எந்தக் கிழமையாக இருந்தால் என்ன, நீங்கள் ஏற்கனவே வழியில் இருக்கிறீர்கள். கிரகங்களை இவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நிபந்தனை ஒன்றுதான். வெளியே போன பொருள், பயணம் முடியாமல் வீட்டுக்குள் திரும்பக்கூடாது.

"எதை வைக்கணும்?" என்று கணவர் பென்சிலோடு கேட்டார்.

"எது இல்லேன்னா போக முடியாதோ அதை. அந்தக் காலத்துல குடை வைப்பாங்க, செருப்பு வைப்பாங்க."

குடை இல்லாமல் யுகோஸ்லாவியா போகலாம். எது இல்லாமல் போக முடியாது என்று என் கணவர் முறையாக யோசித்தார். யோசித்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு சம்பளக்காரர்கள், ஆளுக்கொரு பட்டம்.

எதிர்வீட்டுக்காரர்கள் சேலையூரின் பூர்வீகக் குடும்பம். அவர்கள் கத்தரிக்காய் போட்ட நிலத்தில்தான் எங்கள் தெருவே இருக்கிறது. வீட்டுக்காரி அக்கா மாடு கறந்துகொண்டே எங்களை வரவேற்றார்.

"இன்னாம்மா, ஆளு இங்க கீற, பொட்டி மட்டும் ஊருக்குப் போவுதா? நல்லாகீதே! கட்டிலுக்கு அடில வச்சிட்டுப் போ."

பெட்டியில் அவளுக்காக ஒரு பட்டுப்புடவை, மகளுக்குப் பாவாடை சட்டை, நாரத்தங்காய் ஊறுகாய், முறுக்கு எல்லாம் இருந்தன. மாமியார் கற்பூரம் காட்டினார். என் கண் கலங்கிவிட்டது. கேலி செய்துகொண்டேதான் அழுதேன். பத்தொன்பது வருஷமாக எழுதிய ஊருக்கு நான் கிளம்பிவிட்டேன்.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை, டிக்கெட் போட்டுக்கொடுத்த ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை வாங்க விட்டுப்போயிற்றாம். நாளைக்குள் கொண்டுவந்தால் நடந்துவிடும், இல்லையென்றால் ஏற்றமாட்டார்கள் என்றான். சாவதானமாகத்தான் சொன்னான். கணவர் செருப்பைக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினார்.

எதிர்வீடு பூட்டியிருந்தது. பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த ஞாயிற்றுக்கிழமையே குன்றத்தூர் போனவர்கள், அங்கிருந்து அப்படியே வேன் பிடித்துத் திருப்பதி போயிருந்தார்கள். மாடு கறக்க வருகிற உறவுக்காரரிடம் கொட்டகைச் சாவி மட்டும்தான்.

ஜன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தால் கட்டிலடியில் பெட்டி. அதன் மேல் கோலப்பொடி டப்பாவும் பேரனின் செருப்பும். ஐரோப்பாவுக்கும் எனக்கும் நடுவே அஞ்சு ஜன்னல் கம்பி. பெட்டியை ஜன்னலோரம் இழுத்துவிட்டால் கம்பி வழியாகக் கைவிட்டுத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துவிடலாம் என்று, கணவர் எங்கள் முருங்கை பறிக்கும் துரட்டியைக் கொண்டுவந்து நுழைத்தார். பட்டப்பகல் பதினோரு மணி. தெரு கூடிவிட்டது. ஆளாளுக்கு "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல", "கைப்பிடில மாட்டு சார்" என்று வழிகாட்டினார்கள். பெட்டி ஓரடி நகர்ந்தது. அப்போதுதான் எங்கள் வாசலிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"இழுக்காதேடா! பெட்டி நம்ம வீட்டுப் பக்கம் வருது!"

அவர் சொன்னது உண்மைதான். அந்த ஜன்னல் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் இருந்தது. இழுக்க இழுக்கப் பெட்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் வயதான இரண்டு பேர் அது தப்பு என்று ஆமோதித்தார்கள். கணவர் துரட்டியைப் பிடித்தபடி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது பக்க நோட்டில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

"இழுங்க!" என்று நான் தெருவே கேட்கக் கத்தினேன். அவர் இழுத்தார். துரட்டியின் கொக்கி கழன்று கட்டிலடியில் விழுந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு வேன் வந்தது. அக்கா லட்டுப் பிரசாதத்தோடு இறங்கி, "இன்னாம்மா, இன்னும் நீ கிளம்பலியா?" என்றார். வெள்ளிக்கிழமை விமானம் எங்கள் தலைக்கு மேல்தான் போனது. டிக்கெட்டை மூன்று வாரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். அவளுக்குத் தந்தி அடித்தேன்.

அந்த வாரக் கடைசியில் ரேடியோவில் யுகோஸ்லாவியா என்ற வார்த்தை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வருஷமாகப் புழங்கிய வார்த்தை, செய்தியில் கேட்டதும் கணவர் பெருமையோடு சத்தத்தைக் கூட்டினார். அங்கே சண்டை தொடங்கிவிட்டது என்றார்கள். அவள் ஊருக்கு ரொம்ப வடக்கே, வேறொரு மூலையில்தான். ஆனால் விமானங்கள் நின்றுவிட்டன. எங்கள் டிக்கெட்டும் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள்.

"பெட்டி காப்பாத்திடுச்சு," என்று மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். சூலத்தில் கிளம்பியிருந்தால் இந்நேரம் குண்டுக்கு நடுவில் நின்றிருப்போம். பரஸ்தானம்தான் தடுத்தது. முத்திரை, பூட்டு, திருப்பதி வேன் எல்லாம் ஈஸ்வரன் செயல். தெரு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. என் கணவர் கூட, "ஒரு விதத்துல பார்த்தா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து அந்த விதத்தை விட்டுவிட்டார்.

நாங்கள் தப்பித்தோம் என்று அத்தனை பேரும் சந்தோஷப்பட்ட அந்த ஊரில்தான் அவள் இருந்தாள், அவள் மகள் இருந்தாள், மஞ்சள் அடித்த அறை இருந்தது. அதை நினைத்து ஒருவர் கூட ஒரு ஸ்பூன் பாயசத்தைக் கீழே வைக்கவில்லை. எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் வெறுப்பாக இருந்தது. ரொம்ப நாள் இருந்தது.

பரஸ்தானத்தின் புகழ் ராஜகீழ்ப்பாக்கம் வரை பரவியது. கல்ஃபுக்குப் போகிறவர், பம்பாய்க்குப் போகிறவர், நேர்முகத் தேர்வுக்குத் திருச்சி போகிறவர் எல்லாரும் ஒரு பையையோ பெட்டியையோ எதிர்வீட்டில் வைக்க வந்தார்கள். ராசியான வீடாம். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வாசலில் நின்று, "இன்னா, நம்ம வூடு இன்னா மீனம்பாக்கமா? ஒரே பேஜாராப் போச்சு!" என்று பொதுவாகக் கத்தினார். ஆனால் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

என் பெட்டி மட்டும் எங்கும் போக வழியில்லாமல் கிடந்தது. பயணம் முடியாமல் வீட்டுக்குள் வரக்கூடாது, பயணமும் நடக்கப்போவதில்லை. பெட்டியின் ஓரத்தில் எறும்பு வரிசை போக ஆரம்பித்தபிறகு மாமியாரே ஒரு சமரசம் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டிலிருந்து நேராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பல்லாவரம் போய், பஸ் மாறி, குன்றத்தூர் மலை ஏறி, முருகனைப் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது ஆரத்தி எடுத்து உள்ளே விட்டார்கள். பயணம் முடிந்துவிட்டது. முறுக்கு முழுக்க எறும்பு, ஊறுகாய் மட்டும் நன்றாக ஊறியிருந்தது.

அவள் கடிதங்கள் கொஞ்ச காலம் வந்தன. சண்டை எல்லாம் டிவியில்தான், இங்கே ப்ளம் பூத்திருக்கிறது, அடுத்த கோடையில் வா என்று எழுதியிருந்தாள். தொண்ணூற்றிரண்டு ஏப்ரலுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் எழுதிய கடிதங்கள் "சேவை நிறுத்தம்" என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. அவள் ஊர்ப் பெயரை ஒரு நாள் பேப்பரிலேயே பார்த்தேன். இருபது வருஷமாக எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத பெயர். அன்றைக்கு ஆபீஸில் என் மேஜையைத் தேடி வந்து, "இது உங்க ஊர் இல்ல?" என்றார்கள்.

அக்டோபரில், மழைக்காலம் ஆரம்பித்த சமயம், ஒரு கடிதம் வந்தது. அவள் கையெழுத்துதான். கடற்கரையில் ஒரு ஓட்டலில் அகதிகளோடு இருக்கிறாள், ஒரு அறையில் ஒன்பது பேர். கணவர் எங்கே என்று தெரியவில்லை. மகள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கீழே எழுதியிருந்தாள்: உன்னிடம் பெரிய வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, விருந்தாளிக்கென்று அறை இருக்கிறது. சில மாதம் நானும் மகளும் வந்து இருக்கலாமா? அழைப்புக் கடிதம் ஒன்று அனுப்பினால் போதும் என்று இங்கே ஓர் அம்மாள் உதவி செய்கிறாள்.

அவள் உயிரோடிருக்கிறாள் என்று நான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். கணவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இந்தத் தடவை நோட்டை எடுக்கவில்லை. "வரச் சொல்லு. நான் கூடத்துல படுத்துக்கறேன்," என்றார்.

மாமியாரிடம் சொன்னேன். பஞ்சாங்கத்தை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். நல்ல சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"சின்னப் பொண்ணை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவா, பாவம். உடனே வரச்சொல்லு," என்றார். "கறி மீன் சாப்பிடறவங்கன்னா எதிர்வீட்டுல சொல்லி வாங்கிக் குடுக்கலாம்."

யோசித்தது நான்தான். அந்தப் பெரிய வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கூடத்துச் சுவரில் மழை ஒழுகிய பச்சை. கொல்லையில், கிணற்றைத் தாண்டி, தகரக் கதவு போட்ட கக்கூஸ். மழையில் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும். தோட்டம் என்றால் அந்த முருங்கையும் வாழையும், அவ்வளவுதான். அவள் தன் மகளுக்கு இந்தத் தோட்டத்தைப் பற்றி எவ்வளவு சொல்லியிருப்பாளோ. வாசலில் வந்து நின்று, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அழகான வீடு" என்று சொல்வாள். அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசியது.

உட்கார்ந்து எழுதினேன். இல்லை, ஆபீஸ் மெஷினில் ஒரு தப்பில்லாமல் அடித்தேன். நீ வருவதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. வீட்டில் கொஞ்சம் வேலை நடக்கிறது. ஜனவரி நடுவில் வந்தால் எல்லாம் உனக்கு வசதியாக இருக்கும், அழைப்புக் கடிதத்தை அப்போது அனுப்புகிறேன். இதைக் கணவரிடமோ மாமியாரிடமோ காட்டவில்லை. வரச்சொல்லி எழுதிவிட்டதாக மட்டும் சொன்னேன்.

பிறகு வேலையை ஆரம்பித்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. கூடத்தையொட்டி வெஸ்டர்ன் டாய்லெட் கட்ட மேஸ்திரியைப் பிடித்தேன். அவர் பள்ளம் தோண்டினார், மழை நிரப்பியது. தண்ணீரை இறைத்தார், மறுபடி நிரப்பியது. "இன்னாம்மா அவசரம், மய நிக்கட்டும்," என்றார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு சின்ன மேஜையும் இரண்டு நாற்காலியும் வாங்கினேன். பதினோரு பூந்தொட்டி வாங்கி மொட்டை மாடியில் வரிசையாக வைத்தேன். வெளிநாட்டு அம்மா வருகிறார் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக் கட்டிலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

டிசம்பர் நடுவில் அவள் பதில் வந்தது. ஐந்து வரி. உன் கடிதத்துக்கு நன்றி. ஜனவரி ரொம்பத் தூரம். வியாழக்கிழமை இங்கிருந்து ஸ்வீடனுக்கு ஒரு பஸ் போகிறது, எங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஏறிவிடுகிறோம். எங்களுக்காக வீட்டில் சிரமப்பட வேண்டாம். உன் மாமியாருக்கும் கணவருக்கும் வணக்கம்.

மேஸ்திரி பொங்கலுக்கு முந்தின வாரம் கம்மோடைப் பொருத்தி முடித்தார். மாமியாருக்கு அப்போது முழங்கால் வலி, அதில் உட்கார்ந்து எழுவது சுலபமாக இருந்தது. எனக்குக் கோடி புண்ணியம் என்றார்.

அவளிடமிருந்து சில வருஷம் புத்தாண்டு வாழ்த்து வந்தது, அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே வெறும் கையெழுத்தோடு. நானும் அதே மாதிரி அனுப்பினேன். பிறகு யார் முதலில் நிறுத்தினோம் என்று தெரியவில்லை.

மாமியார் படுத்த படுக்கையாகும் வரை ஒவ்வொரு மழைக்காலமும் கேட்பார், "அந்தப் பொண்ணு வரலியே, ஏன்?"

"அவங்களுக்கு வேற இடம் கிடைச்சிடுச்சு அத்தை."

"நாம கூப்பிட்டோம் இல்ல?"

"கூப்பிட்டோம்," என்பேன்.

"அப்ப சரி," என்று அவர் சமாதானமாகிவிடுவார்.